அம்பத்தூரில் எதற்கு ஆல்ப்ஸ் மலை?

மாடல் ரயில் என்றதும் நம்மூரில் கண்முன் வருவது ஒரே படம்தான். ஒரு பச்சை விரிப்பு. அதன் மேல் முட்டை வடிவத்தில் ஒரு தண்டவாளம். மூலையில் தெர்மாகோல் மலை, அதன் தலையில் பஞ்சுப் பனி. சரிவான கூரை போட்ட நாலு ஜெர்மன் வீடுகள், ஒரு சர்ச் கோபுரம், கிறிஸ்துமஸ் மரம் போல நாற்பது ஊசியிலை மரங்கள். இத்தனைக்கும் நடுவில் சுற்றி வருவது எது? இந்தியன் ரயில்வேயின் டபிள்யூ.ஏ.பி. 7 எஞ்சின்! எஞ்சின் நம்பரிலிருந்து ஷெட் பெயர் வரை எல்லாம் அச்சு அசல். ஓடுகிற இடம் மட்டும் ஆஸ்திரியா.

இந்தக் கூத்து நடக்கும் வீடு அம்பத்தூரிலோ ஆவடியிலோ இருக்கும். மொட்டை மாடிக்குப் போனால் நிஜமான மின்கம்பம், நிஜமான ஜல்லி, நிஜமான எலெக்ட்ரிக் டிரெயின் எல்லாம் தெரியும். அதையெல்லாம் விட்டுவிட்டு, பார்த்தே இராத ஒரு மலையைப் பஞ்சு வைத்துச் செய்துகொண்டிருப்பார்கள். கேட்டால், "அதுதான் சார் சீனரி. நம்ம ஏரியாவில் என்ன இருக்கு செய்ய?" என்று பதில் வரும்.

அந்த ஒரு கேள்விதான் பிரச்சினையே.

ஒளிவுமறைவில்லாமல் சொன்னால், வண்டியில் காட்டுகிற கவனத்தில் கால்வாசிகூட ஊரின் மேல் காட்டாத மாடல் ரயில், மாடலே கிடையாது. அது விலை கூடிய பொம்மை. நிஜத்தில் ஒரு வண்டி கொரட்டூரைத் தாண்ட எத்தனை நொடி ஆகும்? வண்டி போய்விடும், ஊர் அங்கேயே இருக்கும். மாடலிலும் அப்படித்தான். ஓடுவது ஒரு சாண் இடம், மீதிப் பலகை முழுக்க நிலமும் கட்டடமும். அந்த மீதியை யாரோ ஒருவருடைய ஊரால் நிரப்பிவிட்டு, "இது நம்ம ரயில்" என்று மார் தட்டுவது வெறும் பம்மாத்து.

வண்டிப் பித்து ஒன்றும் தவறில்லை. ஆனால் அந்தப் பித்தின் லட்சணத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஹாரன் சத்தத்தை வைத்தே எஞ்சின் வகையைச் சொல்லிவிடுவார்கள். எந்த ரேக் எந்த வண்டிக்கு மாறியது என்பது தலைகீழ்ப் பாடம். பட்டரவாக்கம் நடைமேடையில் நிழற்கூரை எத்தனை தூணில் நிற்கிறது என்று கேட்டால் மட்டும் பேந்தப் பேந்த விழிப்பார்கள். தினமும் அதன் கீழே நின்றுதானே வண்டி ஏறுகிறார்கள்? பார்த்திருக்கிறார்கள், கவனித்ததில்லை. மாடல் கட்டுவதன் முழுப் பயனும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

வெளிநாட்டுக் கம்பெனிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஃபாலர் என்ற ஜெர்மன் கம்பெனி 1946-இல் கறுங்காட்டுப் பகுதியில் உள்ள கூட்டன்பாக் என்ற சிற்றூரில் தொடங்கியது. உலகம் முழுக்க மாடல் ரயில்காரர்கள் வாங்கும் கட்டட கிட்கள் அவர்களுடையவை. சரிவுக் கூரை வீட்டை அவர்கள் ஏன் செய்தார்கள்? அவர்கள் ஊரில் வீடு அப்படித்தான் இருக்கிறது! அவர்கள் தங்கள் தெருவைச் செய்தார்கள். அவர்களைக் காப்பி அடிப்பதென்றால் அந்த வீட்டைக் காப்பி அடிப்பதா, அந்தப் புத்தியைக் காப்பி அடிப்பதா?

புத்தியைக் காப்பி அடிக்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் ராய் இங்கிலாந்து. பெயரில்தான் இங்கிலாந்து, ஆள் ஆஸ்திரேலியாக்காரர். 1925-இல் இங்கிலாந்துக்குப் போனவர், வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு என்று அழைக்கப்படும் பகுதியின் கிராமங்களைப் பார்த்து மயங்கினார். கூடவே இன்னொன்றையும் பார்த்தார். பழைய ஓலைக்கூரை வீடுகள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டும் மறைந்துகொண்டும் இருந்தன. அவற்றைத் தடுக்க அவரால் முடியாது. அளந்து, அட்டையில் அப்படியே சின்னதாகக் கட்டிவைக்க முடியும். அதைச் செய்தார். 1954-இல் லாங் விட்டன்ஹாம் என்ற கிராமத்தில் பெண்டன் அருங்காட்சியகமாக அது உருவெடுத்தது. 1:76 அளவில், ஒரு குடிசைக்கே நூற்றுக்கணக்கான மணி நேரம் செலவழித்துத் தன்னார்வலர்கள் இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கேயும் ரயில் ஓடுகிறது. ஆனால் ஊர்தான் கதாநாயகன், ரயில் துணை நடிகர். வெளியூரிலிருந்து வந்த ஒருவருக்குத் தோன்றியது, உள்ளூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தோன்றக் கூடாதா?

"அங்கே வரலாறு இருக்கு, இங்கே என்ன இருக்கு?" என்று அடுத்த சப்பைக்கட்டு வரும்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போனது. அது போனது இதே தடத்தில்தான், ஆவடி வழியாக. அதற்கும் முன்பே, 1837-இல், செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடும் கல்லை ஏற்றிவர ஒரு தண்டவாளம் போடப்பட்டது. அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் எவ்வளவு தூரம்? ஒரு பஸ் தூரம். 1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் ஐ.சி.எஃப். திறக்கப்பட்டது. நாடு முழுக்க ஓடிய நீலப் பெட்டிகள் இங்கிருந்து போயின. 1979-இல் இந்தத் தடத்தில் திருவள்ளூர் வரை மின்மயமாக்கல் வந்தது. இதற்குப் பெயர் வரலாறு இல்லை என்றால், பஞ்சு மலைக்கு என்ன பெயர்?

இந்த வரலாற்றில் எது மிஞ்சும் என்பதையும் யோசிக்க வேண்டும். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் ஓர் இடம் உண்டு. வில்லிவாக்கம் பக்கம் 2002-இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்தில் பழைய எஞ்சின்களும் பெட்டிகளும் புல்தரையில் நிற்கின்றன. பழைய ரக ஐ.சி.எஃப். பெட்டியின் தயாரிப்பு 2018 ஜனவரியோடு நின்றது, ஆனாலும் நாளைக்கு அதுவும் எங்காவது ஓர் அருங்காட்சியகத்தில் நிற்கும். கேட் கீப்பரின் ஒற்றை அறை எந்த அருங்காட்சியகத்தில் நிற்கும்? கேட்டை மூடிவிட்டுச் சுரங்கப்பாதை தோண்டும் நாளில் அந்த அறை தரைமட்டம். கைகாட்டி மரம் போயிற்று, நெம்புகோல் இழுத்த கேபின் போயிற்று. கேட் மூடியிருக்கும் ஐந்து நிமிடத்தில் வேர்க்கடலை விற்றவர் நின்ற இடம்கூடப் போயிற்று. வண்டியைக் காப்பாற்ற ரயில்வே இருக்கிறது. இடத்தைக் காப்பாற்ற அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்களை விட்டால் ஆள் இல்லை.

இது வெளிநாட்டுப் பொழுதுபோக்கு, நமக்கு ஒட்டாது என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. நவராத்திரி கொலுவில் படிக்குக் கீழே "பார்க்" கட்டாத வீடா? தட்டில் மண்ணைக் கொட்டி, கேழ்வரகும் கடுகும் தூவி முளைக்கவிட்டால் புல்வெளி. கண்ணாடித் துண்டைப் பதித்தால் குளம். களிமண்ணைக் குவித்தால் மலை, உச்சியில் முருகன், கீழே செட்டியார் கடை, சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில். நிலக்காட்சி கட்டும் கலை நம் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் ஒன்பது நாளைக்கு வருடா வருடம் செய்த கலை. அதில் ஒரே ஒரு குறை உண்டு. செட்டியார் ரயிலை விடப் பெரியவராக இருப்பார். அளவை மட்டும் சரிசெய்தால் போதும், மற்றது எல்லாம் கையில் இருக்கிறது.

அந்த அளவுக்கு வருவோம். இங்கேதான் ஆல்ப்ஸ் கோஷ்டி சறுக்கி விழும் இடம்.

கடையில் கிடைக்கும் எச்.ஓ. மாடல்கள் 1:87 அளவு. தண்டவாள அகலம் 16.5 மி.மீ. இது வெளிநாட்டு 1435 மி.மீ. பாதைக்கான கணக்கு. நம் அகலப்பாதை 1676 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வரும். அதாவது எஞ்சின் நம்பரை எழுத்து எழுத்தாகச் சரிபார்க்கும் அதே நண்பர், வண்டியைக் கிட்டத்தட்ட மூன்று மி.மீ. ஒடுக்கமான பாதையில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அது பரவாயில்லையாம், ஆனால் தென்னை மரம் வைத்தால் மட்டும் "ப்ரொஃபஷனலாக" இருக்காதாம்!

இப்போது 1676-ஐ 16.5-ஆல் வகுத்துப் பாருங்கள். 101.6 வரும். ஆக, அதே தண்டவாளத்தை 1:100 என்று எடுத்துக்கொண்டால் நம் அகலப்பாதைக்கு அநேகமாகப் பொருந்திவிடுகிறது. 1:100 என்றால் என்ன? ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். கால்குலேட்டர் வேண்டாம், ஸ்கூல் ஸ்கேல் போதும். 840 மி.மீ. வரை உயரும் நடைமேடை 8 மி.மீ. ஆகும். கடையில் கிடைக்கும் 5 மி.மீ. சன்போர்டின் மேல் 3 மி.மீ. சன்போர்டை ஒட்டினால் தீர்ந்தது. ஸ்லீப்பர்கள் நிஜத்தில் சுமார் 60 செ.மீ.க்கு ஒன்று, மாடலில் 6 மி.மீ. மேலே போகும் மின்கம்பிக்கான கம்பங்கள் அதிகபட்சம் 72 மீட்டர் இடைவெளியில் நிற்கும், மாடலில் 72 செ.மீ.

வாங்கிய வண்டி 1:87-இல் இருக்கிறதே என்றால், பாதையை ஒட்டிய கட்டடங்களை அதே அளவில் கட்டிவிட்டு, பின்வரிசையை 1:100-இல் வைக்கலாம். பின்னால் இருப்பது சின்னதாக இருந்தால் தூரம் அதிகம் போலத் தெரியும், அது லாபம்தான். இல்லை, 1:87-ஐ விட்டு இம்மி நகர மாட்டேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் மேற்குப் புறநகரில் இடம் உண்டு. சென்னை மெட்ரோ 1435 மி.மீ. பாதை. பூந்தமல்லி தடத்தில் 2025 மார்ச்சில் சோதனை ஓட்டம் நடந்தது. தூண்களையும் மேம்பாலத்தையும் கட்டி மெட்ரோ ஓட்டினால் எச்.ஓ. தண்டவாளம் கச்சிதமாகப் பொருந்தும். பனி மலைதான் தேவையில்லை.

சரி, என்ன கட்டுவது? பட்டியல் போட்டால் பலகை போதாது.

ரயில்வே கேட், கேட் கீப்பர் அறை, பக்கத்தில் ஒரு வேப்பமரம். எஸ்டேட்டின் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். அந்த ஓட்டின் அலை நிஜத்தில் 146 மி.மீ.க்கு ஒன்று, அதாவது மாடலில் ஒன்றரை மி.மீ. சாதாரணச் சீப்பின் மேல் அலுமினியத் தாளை வைத்து விரலால் தேய்த்தால் கிட்டத்தட்ட அந்த அலை விழுந்துவிடும். மஞ்சள் பலகையில் மூன்று மொழிகளில் ஊர்ப் பெயர். ஆகாயத்தாமரை மூடிய ஏரியின் ஒரு மூலை. பாடியில் திருவலிதாயம் கோயிலுக்குப் போனால் கருவறை மேல் யானை முதுகு போல வளைந்த தூங்கானை மாடம் நிற்கிறது. எந்த ஜெர்மன் கிட்டில் கிடைக்கும் அது? ஆவடிக்காரர்களுக்கு வேலை இன்னும் சுலபம். படைத்துறைத் தொழிற்சாலைகள் புண்ணியத்தில் ஊரில் பாதி காம்பவுண்ட் சுவர்தான். சுவரைக் கட்டி, முள்கம்பி சுற்றினால் ஆவடி தயார்.

பொருளுக்கு அமேசானில் தேட வேண்டாம். நிஜ ஜல்லி 50 மி.மீ. அளவு, மாடலில் அரை மி.மீ. எம்.சாண்டை டீ வடிகட்டியில் சலித்தால் கிடைத்துவிடும். தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் இறுகிவிடும். (வலைப்பதிவில் ஜல்லியடிப்பதை விட இந்த ஜல்லி உபயோகமானது.) பயன்படுத்திய டீத்தூளைக் காயவைத்தால் மண். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்தால் சீமைக்கருவேலம். ஒன்றே ஒன்று முக்கியம், எதுவும் புதிதாக இருக்கக் கூடாது. ஜல்லி கறுப்பு சாம்பலாக இருக்காது, பிரேக் தூசி படிந்து செம்பழுப்பாக இருக்கும். சுவரில் மழைநீர் வழிந்த கறை இருக்கும், அதன் மேல் பாதி கிழிந்த போஸ்டர், போஸ்டருக்குக் கீழே வெற்றிலைச் சாறு. இது அசிங்கமில்லையா என்பார்கள். இது உண்மை. உண்மையைச் செய்யக் கூச்சப்பட்டால் மாடல் கட்டுவதை விட்டுவிட்டுப் பிறந்தநாள் கேக் அலங்காரம் செய்யலாம்.

அளப்பதற்குத் தண்டவாளத்தில் இறங்க வேண்டியதில்லை, இறங்கவும் கூடாது. 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவில் அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை சிறை இருக்கிறது. அதைவிட முக்கியம், உயிர். நடைமேடையில் நின்றபடி ஸ்லீப்பர்களை எண்ணலாம், நூறு ஸ்லீப்பர் என்றால் 60 மீட்டர். சுவரின் செங்கல் வரிசையை எண்ணினால் உயரம் கிடைக்கும். உயரம் தெரிந்த ஒரு நண்பனைத் தூண் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் தூணின் உயரம் கிடைக்கும். பாதுகாப்புத் துறை வளாகங்கள் பக்கம் கேமராவை நீட்டாமல் இருப்பது புத்திசாலித்தனம், அந்தச் சுவரைக் கண்ணால் அளந்தாலே போதும்.

இனி ஆட்சேபணைகள். முதலாவது, இடமில்லை. ஐ.சி.எஃப். பெட்டி ஒன்று 1:87-இல் சுமார் 24 செ.மீ. இருபத்து நாலு பெட்டி எக்ஸ்பிரஸ் ஓட்ட ஆறு மீட்டர் வேண்டும், இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் அது நடக்காது. அதனால்தான் வண்டியை நம்பியவர்கள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள்! இடத்தை நம்பினால் நாலடிக்கு ஓரடி பலகை போதும். 1:100-இல் அது 120 மீட்டர். ஒரு கேட், ஒரு டீக்கடை, மூன்று பெட்டி எலெக்ட்ரிக் டிரெயின். கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம்.

இரண்டாவது, காசில்லை. ஒரு நல்ல இறக்குமதி எஞ்சின் ஆயிரக்கணக்கில் போகிறது. அட்டை, சன்போர்டு, ஃபெவிகால் எல்லாம் சேர்த்தாலும் அதன் பக்கத்தில் வராது. இது பணக்காரப் பொழுதுபோக்கு என்ற பெயர் வண்டியால் வந்தது, ஊரால் வந்ததில்லை. எஞ்சினே இல்லாமல்கூடத் தொடங்கலாம்.

மூன்றாவது, நேரமில்லை, படிப்பு கெடும். இதைச் சொல்கிற அதே கல்லூரிகளில்தான் ஃபைனல் இயர் பிராஜெக்டை ரெடிமேடாக வாங்கி, நீல அட்டை போட்டுச் சமர்ப்பிக்கும் கூட்டமும் இருக்கிறது. ஒரு கேட் கீப்பர் அறையைத் தானே அளந்து, தானே வரைந்து, தானே வெட்டி ஒட்டிய சிவில் மாணவருக்குத் தெரிந்த அளவியல், அந்த நீல அட்டைக்குள் இருக்காது. அரை மி.மீ. பிசகினால் சுவர் மூலை சேராது. பலகை பொய் சொல்ல விடாது, மார்க் போடும் பேராசிரியரை விடக் கறாரானது.

நான்காவது ஆட்சேபணையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் மற்ற மூன்றுக்கும் தாய் அதுதான். அம்பத்தூர் அழகில்லை, ஆவடி அழகில்லை, அழகென்றால் அது எங்கோ பனி பெய்யும் இடத்தில்தான் இருக்கும் என்ற நினைப்பு. ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் கேட்டைத் தாண்டியவர்களும், ஏரிக்கரையில் பட்டம் விட்டவர்களும், 6.40 வண்டியைப் பிடிக்கப் படியேறி ஓடியவர்களும் வாழ்ந்த இடம் செய்து பார்க்கத் தகுதியில்லாதது என்று முடிவு கட்டியது யார்? ஜெர்மன் கம்பெனி அப்படிச் சொல்லவில்லை, ராய் இங்கிலாந்தும் சொல்லவில்லை. இந்த ஊர்க்காரர்களே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட தீர்ப்பு அது. ஒரு ஊரை அளக்கத் தொடங்கும்போதுதான் அந்தத் தீர்ப்பு உடையும். ஏனென்றால் ஓர் இடத்தை அளக்க வேண்டுமானால் முதலில் அதை நின்று பார்க்க வேண்டும்.

இன்னும் சில கேட்டுகள் திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. சில ஓட்டு வீடுகள் பாதையோரம் இன்னும் நிற்கின்றன. ஆல்ப்ஸ் மலைக்கு அவசரமில்லை, அது இன்னும் பல லட்சம் வருடம் அங்கேயே இருக்கும். கேட் கீப்பர் அறை அடுத்த டெண்டர் வரைக்கும்தான்.